16 வயதில் லைசன்ஸ் கிடைக்குமா?

பள்ளித் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கியதும் உறவினர் வீடுகளில் தவறாமல் எழும் பேச்சு ஒன்று உண்டு. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை டியூஷனுக்குப் போய்வர ஒரு ஸ்கூட்டர் வாங்கித் தரலாமா, அதற்கு லைசன்ஸ் எடுத்துவிட முடியுமா என்பதே அது. கேட்பவர்களில் பெரும்பாலோர் "கியர் இல்லாத வண்டிக்குப் பதினாறு வயது போதுமாம்" என்ற செவிவழிச் செய்தியை ஏற்கெனவே நம்பிவிட்டு, அதை உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் கேட்கிறார்கள். இந்தச் செய்தியில் பாதிதான் உண்மை. விடுபட்ட மறுபாதியை அறியாமல் சாவியைக் கொடுத்துவிடுகிற பெற்றோருக்காகவே இதை எழுதுகிறேன்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 4-ஆம் பிரிவு, 18 வயது நிறையாத எவரும் பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்டக்கூடாது என்று கூறிவிட்டு, அதற்கு ஒரே ஒரு விதிவிலக்கை அளிக்கிறது: எஞ்சின் கொள்ளளவு 50 சி.சி.க்கு மிகாத இருசக்கர வாகனத்தை 16 வயது நிறைந்தவர் ஓட்டலாம். கியர் இல்லாமை மட்டும் போதாது என்பதையும், 50 சி.சி. என்ற வரம்பும் உடன் இருக்கிறது என்பதையும்தான் பலரும் கவனிப்பதில்லை. இன்று நம் தெருக்களில் ஓடும் கியர் இல்லாத வண்டிகளை எடுத்துக்கொண்டால், ஆக்டிவா ஏறத்தாழ 110 சி.சி.; ஸ்கூட்டி பெப் பிளஸ் 88 சி.சி.யை ஒட்டியது; மூட்டை ஏற்றிச் செல்வதற்கென்றே பெயர் பெற்ற எக்ஸ்.எல். 100 கூட 99.7 சி.சி. கொண்டது. இவற்றில் எதையும் பதினாறு வயதுப் பிள்ளை சட்டப்படி ஓட்ட முடியாது.

இந்த விதிவிலக்கு எழுதப்பட்ட காலத்தில் அதற்குப் பொருள் இருந்தது. 1972-இல் வந்த லூனாவும் 1980-இல் ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50-உம் வீட்டு வாசல்தோறும் நின்ற காலம் அது. அந்த மொபெட்டுகள் சந்தையிலிருந்து மறைந்துவிட்டன; சட்டத்தின் வரி மட்டும் அப்படியே நிற்கிறது. ஆகவே பதினாறு வயதில் லைசன்ஸ் பெற விண்ணப்பிக்கலாம், பெறவும் செய்யலாம். ஆனால் அந்த லைசன்ஸைக் கொண்டு ஓட்டத்தக்க பெட்ரோல் வண்டியைக் கடையில் தேடினால் கிடைப்பது அரிது. இந்த வரியைக் காலத்துக்கேற்பத் திருத்த வேண்டும், அல்லது நீக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து. இப்போதைய நிலையில் அது பெற்றோருக்குத் தவறான தைரியத்தைக் கொடுப்பதைத் தவிர வேறு எதற்கும் பயன்படவில்லை.

மின்சார ஸ்கூட்டர்களைப் பற்றியும் இதே குழப்பம் நிலவுகிறது. 250 வாட்டுக்குக் குறைந்த திறனும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த உச்ச வேகமும் பேட்டரி நீங்கலாக 60 கிலோவுக்கு மிகாத எடையும் கொண்ட வண்டிகளை மத்திய மோட்டார் வாகன விதிகள் மோட்டார் வாகனமாகவே கருதுவதில்லை. எனவே அவற்றுக்குப் பதிவெண்ணும் லைசன்ஸும் தேவையில்லை. இந்த வரம்பைத் தாண்டி விரைந்து ஓடுபவை அனைத்தும் பதிவும் லைசன்ஸும் வேண்டுகிற முழுமையான மோட்டார் வாகனங்களே. சத்தம் போடாது என்ற ஒரே காரணத்தால் அவற்றைப் பெரிய சைக்கிள் போல நினைத்துப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் பழக்கத்தை நான் பல இடங்களில் காண்கிறேன்.

பதினெட்டுக்குக் குறைந்தவர் கியர் இல்லாத வண்டிக்கான பழகுநர் உரிமத்துக்கு, அதாவது நாம் வழக்கமாகச் சொல்லும் எல்.எல்.ஆருக்கு, விண்ணப்பித்தால் அவரைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ளவரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும் என்று 7-ஆம் பிரிவு கூறுகிறது. இதை வெறும் கையெழுத்தாக எண்ணிவிடக்கூடாது. 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் சேர்த்த 199-ஏ என்ற புதிய பிரிவைப் படித்தவர்களுக்குச் சட்டம் யாரைப் பொறுப்பாளியாகப் பார்க்கிறது என்பது விளங்கும். அதன்படி, இளஞ்சிறார் ஒருவர் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் குற்றம் செய்தால், பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்படலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது நிறையும் வரை எல்.எல்.ஆரோ லைசன்ஸோ கிடைக்காது. பிள்ளை வண்டியை எடுத்தது தமக்குத் தெரியாது, அல்லது தடுப்பதற்குரிய எல்லா முயற்சிகளையும் தாம் செய்தோம் என்று நிரூபித்தால் பாதுகாவலர் தண்டனையிலிருந்து தப்பலாம். ஆனால் அவருடைய சம்மதத்துடன்தான் வண்டி எடுக்கப்பட்டது என்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். மாறாக நிரூபிக்கும் சுமை பெற்றோரின் தோள்மீது விழுகிறது. தினமும் காலையில் வாசலில் நின்று கையசைத்து அனுப்பிய தந்தை, எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வார்?

25 வயது வரையிலான தடையைத்தான் நான் இவற்றில் மிகக் கடுமையானதாகக் கருதுகிறேன். அபராதம் கட்டிவிட்டால் தீர்ந்துவிடும். கல்லூரிக் காலம் முழுவதும், வேலைக்குச் சேரும் முதல் ஆண்டுகளிலும் லைசன்ஸ் இல்லாமல் இருப்பது அப்படித் தீராது. 2024 மே மாதம் புனே நகரில், 17 வயதுச் சிறுவன் ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்ட சொகுசுக் கார் மோதி இளம் பொறியாளர்கள் இருவர் உயிரிழந்தபோது, 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்ற ஜாமீன் நிபந்தனையே நாடெங்கும் பேசுபொருளாயிற்று. அந்த வழக்கில் சிறுவனின் தந்தையும் கைது செய்யப்பட்டார் என்பது அந்த அளவுக்கு நினைவில் நிற்கவில்லை.

காப்பீட்டையும் இங்கே சொல்லியாக வேண்டும். லைசன்ஸ் இல்லாதவர் ஓட்டிய வண்டியால் பிறருக்கு இழப்பு நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு முதலில் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையைப் பின்னர் வண்டியின் உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் அனுமதிக்கின்றன. ஒரு மரணத்துக்கான இழப்பீடு பல லட்சங்களாக இருக்கும் என்பதால், நடுத்தரக் குடும்பம் ஒன்றின் சேமிப்பு முழுவதும் அதிலேயே கரைந்துவிடக்கூடும்.

பதினேழரை வயதிலேயே எல்.எல்.ஆர். எடுத்து வைத்துக்கொண்டால் பதினெட்டு நிறைந்த அன்றே லைசன்ஸ் வாங்கிவிடலாம் என்ற கணக்கும் செல்லாது. எந்த வகை வண்டிக்கு உரிய வயது நிறையவில்லையோ, அந்த வகைக்கு எல்.எல்.ஆரும் கிடையாது. பைக்குக்கும் காருக்கும் 18 நிறைந்த பிறகே தொடங்க முடியும். அதன் பின் நடப்பவை எளியவை. பிறந்த தேதிக்கும் முகவரிக்கும் சான்றுகளை இணைத்துச் சாரதி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். மாநிலத்தின் எந்த உரிமம் வழங்கும் அலுவலகத்தையும் அணுகலாம் என்று 2019-இன் திருத்தம் தளர்த்தியிருக்கிறது. உடல்தகுதியைப் பொறுத்தவரை, சொந்த வண்டி ஓட்டப்போகும் இளைஞருக்கு மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை. படிவம் 1-இல் தாமே உறுதிமொழி அளித்தால் போதும். 25 மீட்டர் தூரத்தில் உள்ள நம்பர் பிளேட்டைப் பகல் வெளிச்சத்தில் படிக்க முடிகிறதா, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடிகிறதா, வலிப்பு வந்ததுண்டா என்றெல்லாம் அதில் கேள்விகள் உள்ளன. பெரும்பாலோர் அவற்றைப் படிக்காமலேயே கையெழுத்திடுகிறார்கள். கண்ணாடி போட வேண்டிய பிள்ளை அதைப் போடாமல் திரிகிற வீடுகளில் இந்த ஒரு படிவத்தையாவது பெற்றோர் உடன் அமர்ந்து வாசிக்கலாம்.

சாலைக் குறியீடுகளையும் விதிகளையும் பற்றிய தேர்வில் அறுபது விழுக்காடு பெற்றால் எல்.எல்.ஆர். கிடைக்கும். அது ஆறு மாதங்களுக்குச் செல்லும். முப்பது நாள்கள் கழிந்த பின்னரே ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். இந்த இடைக்காலத்தில் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்தை வண்டியின் முன்னும் பின்னும் பொருத்தியிருக்க வேண்டும். லைசன்ஸ் உள்ள ஒருவர் உடன் இருக்க வேண்டும். நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவதற்கு அனுமதி இல்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத் திடலில் எட்டு போடுவதைப் பற்றி மட்டுமே கவலைப்படுகிற பிள்ளைகள், அந்த முப்பது நாள்களை மழையிலும் நெரிசலிலும் பழகுவதற்குக் கொடுக்கப்பட்ட அவகாசமாக எடுத்துக்கொள்வதில்லை.

தேறியவருக்கு வழங்கப்படும் லைசன்ஸ் 40 வயது நிறையும் வரை செல்லும். வாடகைக் காரோ சரக்கு வண்டியோ ஓட்டிப் பிழைக்க விரும்பும் இளைஞர் அதற்கு மேலும் பொறுத்திருக்க வேண்டும். போக்குவரத்து வாகனங்களுக்குச் சட்டம் வைத்திருக்கும் வயது 20.