சாட்சிக் கூண்டில் சொன்ன ஒரு பதில்

“உங்கட பிள்ளை எப்பவாவது பசியோட பள்ளிக்கூடம் போனதுண்டா?” என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டார். சாட்சிக் கூண்டில் நின்ற என் கட்சிக்காரி நிமிர்ந்து, “ஒருநாளும் இல்லை ஐயா. என்ட பிள்ளைக்கு நான் ஒரு குறையும் வைக்கல்ல” என்றாள். மட்டக்களப்பில் நான் நடத்திய தாபரிப்பு வழக்குகளில், அதாவது பிள்ளையின் பராமரிப்புக்குத் தந்தையிடம் மாதப் பணம் கேட்கும் வழக்குகளில், இந்த ஒரு பதில் மட்டும் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

பிள்ளைக்கு ஏழு வயது. மாதம் 20,000 ரூபாய் கேட்டிருந்தோம். தந்தை 8,000 தருவதாகச் சொன்னார். 1889 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தில், இத்தனை வருமானத்துக்கு இத்தனை ரூபாய் என்ற அட்டவணை எதுவும் கிடையாது. பெற்றோரின் வருமானத்தையும் பிள்ளையின் நிலைமையையும் பார்த்து, பொருத்தமென்று தோன்றும் தொகையை நீதவான் தீர்மானிக்கிறார். தந்தை அரச உத்தியோகத்தர் என்றால் சம்பளப் பட்டியல் பேசும். தொகையைச் சம்பளத்திலிருந்தே கழிக்கவும் கட்டளையிடலாம். இவரோ பெரும்போக அறுவடையில் வெட்டு மெசின் ஓட்டுபவர், மற்றைய மாதங்களில் மேசன் வேலைக்குப் போகிறவர். தை, மாசியில் கையில் புரளும் காசுக்கும் ஐப்பசி மழையில் வீட்டில் இருக்கும் நாட்களுக்கும் எந்தக் கடதாசியும் இல்லை. ஆகவே வழக்கு, பிள்ளைக்கு என்ன தேவை என்ற பக்கமாகவே சாய்ந்தது.

அந்தப் பக்கத்தில்தான் அவளுடைய பதில் விழுந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்குச் சீதனமாக வந்தது, ஆகவே வாடகை இல்லை. பிள்ளையைப் பார்ப்பது அம்மம்மா, ஆகவே அதற்கும் கூலி இல்லை. மத்தியானச் சோற்றுக்கு மாமன் ஆற்றில் பிடித்துவரும் மீன் இருந்தது. இவையெல்லாம் அவளுடைய உறவினர் பிள்ளைக்காகச் செய்தவை. கணக்கில் அவை, செலவில்லாத பிள்ளை என்ற தோற்றத்தைத் தந்தன. ஒரு குடும்பம் முழுவதும் சுமப்பதைத் தந்தையின் சுமைக் குறைப்பாக ஏன் எண்ண வேண்டும் என்று வாதத்தில் நான் சொன்னேன். சொன்னேன்தான், ஆனால் அவளுடைய வாயால் சொல்ல வைக்கவில்லை.

எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணைக்குப் பிறகு என் சாட்சியிடம் நானே திரும்பக் கேட்கும் மீள்விசாரணையில் ஒரு கேள்வி போதுமாயிருந்தது: “அந்தக் குறை வராமல் இருக்க நீங்கள் எதை விற்றீர்கள், யாரிடம் கடன்பட்டீர்கள்?” விடை எனக்குத் தெரியும். அவளுடைய காப்பு அடகுக் கடையில் இருந்ததை அவளே என்னிடம் சொல்லியிருந்தாள். ஆனால் பிள்ளையின் தந்தையும் அவருடைய தாயும் பின் வாங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, தலைநிமிர்ந்து பதில் சொன்ன பெண்ணை அடுத்த நிமிடமே தலைகுனிய வைக்க எனக்கு மனம் வரவில்லை. மரியாதை கருதியே விட்டேன் என்று பலநாள் நம்பினேன். இன்று யோசித்தால், அந்த மரியாதையின் விலையைக் கட்டியது பிள்ளைதான்.

கட்டளை 12,000 ரூபாய்க்கு வந்தது. அது அநியாயமான தொகை என்று சொல்ல என்னால் முடியவில்லை. அவர் அதை மாதம் தவறாமல் வங்கியில் போடுகிறார். 20,000 என்று விதித்து, நிலுவை ஏறி, பிடியாணை பிறந்து, கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை என்ற இடத்துக்குப் போயிருந்தால், சிறைக்குள் இருப்பவர் எந்த வயலில் உழைப்பார்? இப்படி என்னை நானே சமாதானப்படுத்துகிறேன். அதே வேளை, தவறாமல் கட்டுகிறார் என்பதே இன்னும் கொஞ்சம் கட்டியிருக்க முடியும் என்பதற்கு அடையாளம் இல்லையா என்றும் தோன்றுகிறது.

நிலைமை மாறினால் தொகையைக் கூட்டிக் கேட்கச் சட்டம் இடமளிக்கிறது. பிள்ளை புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்புக்குப் போகத் தொடங்கிய பிறகு, “தங்கச்சி, திரும்ப ஒரு மனுப் போடுவோம்” என்றேன்.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “இன்னொருக்கா அந்தக் கூண்டில ஏறி, என்ட பிள்ளைக்கு இல்லை எண்டு சொல்ல என்னால ஏலாது மிஸ்” என்றாள்.

மனு எழுதித்தான் வைத்திருக்கிறேன். அவளுடைய கையெழுத்துக்கு விட்ட இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.