எட்டுத் தண்ணீர்க் கேன்களோடு நான்கு வேகன்களை ஓட்டிப் பார்த்த கதை

ஸ்டேஷன் வேகன்தான், அதாவது கூரை பின்னால்வரை நீண்டு டிக்கி பெரிதாக இருக்கும் கார்தான் வாங்குவது என்று முடிவான பிறகும் எந்த வண்டி என்று தேர்ந்தெடுக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. அதில் முதல் இரண்டு மாதம் வீண். குதிரைத்திறன் எவ்வளவு, டார்க் என்கிற முறுக்குவிசை எவ்வளவு, நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை விநாடியில் தொடுகிறது என்று கட்டம் போட்டு எழுதி வைத்துக்கொண்டு, ராத்திரியெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நான் வாங்கிய வண்டிக்கும் அந்தக் கட்டத்துக்கும் பெரிய தொடர்பு இல்லை. இதே தேடலில் இருப்பவர்களுக்கு அந்த இரண்டு மாதமாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எஸ்யூவி ஏன் வேண்டாம் என்று பலரும் கேட்டார்கள். சாமான் ஏற்ற இடம் வேண்டும், ஓட்டும்போது காராகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது வேகனில்தான். எடை தரையோடு ஒட்டி இருப்பதால் வளைவில் வண்டி சாய்வது குறைவு. உயரமான வண்டியில் அந்தச் சாய்வை அடக்க ஸ்பிரிங்கைக் கடினமாக்க வேண்டியிருக்கிறது, அப்போது குலுக்கல் கூடுகிறது. தாழ்வான வண்டிக்கு அந்தத் தொல்லை குறைவு.

வேகன் என்றாலே மெதுவான குடும்ப வண்டி என்பதும் பழைய நினைப்பு. 1994-ஆம் ஆண்டை மட்டும் பாருங்கள். அந்த ஆண்டு வோல்வோ தன் 850 எஸ்டேட்டை, அதாவது 850 வேகனை, பிரிட்டிஷ் டூரிங் கார் பந்தயத்தில் இறக்கியது. செடான்களுக்கு நடுவே ஒரு நீளமான பெட்டி வண்டி சீறிக்கொண்டு போன காட்சியை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. அதே ஆண்டுதான் ஆடி, போர்ஷேயோடு சேர்ந்து உருவாக்கிய ஆர்எஸ்2 அவான்ட் வேகனும் விற்பனைக்கு வந்தது. ஐந்து சிலிண்டர் டர்போ இன்ஜின், 315 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் விசை, பின்னால் நாய்க்குட்டி படுக்க இடம். இன்றைய வேகமான வேகன்களுக்கெல்லாம் அதுதான் மூத்த அண்ணன்.

என் பட்டியலில் நின்றவை நான்கு. எல்லாமே சில ஆண்டுகள் ஓடிய வண்டிகள். பெயரில் வரும் டூரிங், அவான்ட், எஸ்டேட் எல்லாம் அந்தந்தக் கம்பெனி தன் வேகனுக்கு வைத்த பெயர். பிஎம்டபிள்யூ எம்340ஐ டூரிங்: ஆறு சிலிண்டர் 3.0 லிட்டர், 374 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர். ஆடி எஸ்4 அவான்ட், பெட்ரோல்: வி6, 354 குதிரைத்திறன், அதே 500 நியூட்டன் மீட்டர். மெர்சிடீஸ்-ஏஎம்ஜி சி43 எஸ்டேட்: இரட்டை டர்போ வி6, 390 குதிரைத்திறன், 520 நியூட்டன் மீட்டர். நான்காவது வோல்வோ வி60 போல்ஸ்டார் இன்ஜினியர்டு. முன்சக்கரங்களுக்கு 2.0 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், பின்சக்கரங்களுக்கு 87 குதிரைத்திறன் மின்மோட்டார், இரண்டும் சேர்ந்து 400-ஐத் தாண்டும்.

முதல் சுற்றில் நான்கையும் காலியாகத்தான் ஓட்டினேன். பொதுச்சாலையில் இந்த நான்கில் எதை ஓட்டினாலும் பிக்கப் போதவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. வேறுபாடு இருந்தது விசை வரும் விதத்தில். எஸ்4-இல் முழு டார்க்கும் இன்ஜின் நிமிடத்துக்கு 1370 சுற்று சுற்றும்போதே வந்துவிடுகிறது, பெடலைத் தொட்டால் போதும். சி43-இல் 2500 சுற்றுக்கு மேலேதான் முழு டார்க். ஆனால் அதற்கு மேல் இன்ஜின் பாடுகிற பாட்டு மற்ற மூன்றிலும் இல்லை. எம்340ஐ-இல் விசை கீழிருந்து மேல்வரை ஒரே இழுப்பாக வந்தது, எங்கே தொடங்கியது எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை. வோல்வோவில் மின்மோட்டார் பின்னாலிருந்து தள்ள, முன்னால் இன்ஜின் அதோடு சேர்ந்துகொள்ளும். அந்த முதல் ஐந்து மீட்டரின் சுகம் தனி.

அந்தச் சுற்று முடிந்தபோது என் மனதில் சி43 முதலிடம், எஸ்4 இரண்டாவது. பணம் கட்டாமல் விட்டது நல்லதாயிற்று.

காரணம் ஒரு கேள்வி. ஒரு விற்பனையகத்தில் டிக்கி எவ்வளவு பெரியது என்று அரைமணி நேரம் விளக்கினார்கள். இது நிறையச் சாமானோடு வளைவில் எப்படிப் போகும் என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படி ஓட்டிப் பார்த்ததே இல்லை என்று நேர்மையாகச் சொன்னார். வேகன் வாங்குவதே சாமான் ஏற்றத்தானே, அதை ஏற்றாமல் ஓட்டிப் பார்த்து என்ன தெரிந்துகொண்டோம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

தம்பியைக் கூட்டிக்கொண்டு இருபது லிட்டர் கேன் எட்டு வாங்கினேன். தண்ணீருக்கு லிட்டருக்கு ஒரு கிலோ, ஆக 160 கிலோ. தராசு தேவையில்லை. கேனை விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் வளைவில் தண்ணீர் தளும்பும், அந்த ஆட்டம் வண்டியுடையதா தண்ணீருடையதா என்று பிரிக்க முடியாது. கேன்களைப் பின்சீட்டின் முதுகோடு ஒட்டி அடுக்கி, டிக்கித் தரையில் இருக்கும் வளையங்களில் பட்டை போட்டு இறுக்கிக் கட்டினோம். இதைச் செய்ய நினைப்பவர்கள் கட்டுவதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவசர பிரேக்கில் ஒரு இருபது கிலோ கேன் உங்கள் தலையை நோக்கித்தான் வரும்.

எல்லோரும் இதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு வண்டிகளை மட்டுமே விற்பனையகத்திலிருந்து இப்படி எடுத்துப் போக முடிந்தது. ஒன்றை ஒரு நாள் வாடகைக்கு எடுத்தேன், இன்னொன்றை அதே மாடல் வைத்திருந்த நண்பரிடம் கேட்டு வாங்கினேன்.

வழி நான்கிற்கும் ஒன்றுதான், நாற்பது கிலோமீட்டர். முதலில் குண்டும் குழியுமான சாலை, அடுத்து நெடுஞ்சாலை, அதிலிருந்து இறங்குகிற நீண்ட வளைவு, கடைசியில் ஏழெட்டுக் கொண்டை ஊசி வளைவுள்ள ஏற்றமும் இறக்கமும். பின்சீட்டில் என் மனைவி. எந்த வண்டி எவ்வளவு வேகம் என்பதில் அவளுக்கு ஆர்வமே கிடையாது. அதனாலேயே அவள் சொல்வதை நான் நம்பினேன்.

இங்கே ஒரு சங்கடம் நடந்தது. ஒரு வண்டி காலியாக ஓட்டியபோதே கட்டை வண்டி மாதிரி குதித்தது. சஸ்பென்ஷன் சரியில்லை என்று பட்டியலிலிருந்து அடிக்கப் போனேன். தம்பி மானியை வைத்து டயரில் காற்றைப் பார்த்தான். "அண்ணே, நாலு சக்கரத்துலயும் மூணு பாருக்கு மேல இருக்கு" என்றான். கதவுத் தூணில் ஒட்டியிருந்த தாளில் போட்டிருந்ததோ அதைவிட மிகக் குறைவு. நாள்கணக்கில் நின்றுகொண்டிருக்கும் வண்டிகளில் டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகாமல் இருக்கக் காற்றைக் கூட்டி வைப்பார்கள். வாடிக்கையாளரிடம் சாவியைக் கொடுக்கும்முன் அதைக் குறைக்க வேண்டும். அங்கே குறைக்கவில்லை. குறைத்த பிறகு அது வேறு வண்டி. அன்றிலிருந்து மானி என் சட்டைப்பையில்தான். சாமான் ஏற்றியபின் எவ்வளவு காற்று என்பதும் அதே தாளில் தனி வரிசையாக இருக்கும். அதையும் பார்த்து அடித்த பிறகுதான் ஓட்டினேன்.

சாமான் ஏறியதும் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வண்டியின் பின்பக்கம் அமுங்குகிறது, மூக்கு லேசாக நிமிர்கிறது. முன்சக்கரத்துக்குத் தரையோடுள்ள பிடி அந்த அளவுக்குக் குறைகிறது, ஸ்டீயரிங் இலகுவாகிறது, விளக்கு வெளிச்சம்கூட மேலே போகிறது. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் பின்பக்க டேம்பர் தன் ஓட்டத்தில் ஒரு பகுதியை ஏற்கெனவே செலவழித்துவிட்டு நிற்கிறது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் மிச்சமிருக்கும் இடத்துக்குள் அந்த ஆட்டத்தை அடக்க வேண்டும். மெர்சிடீஸ் 1970-களின் கடைசியிலேயே தன் எஸ்123 வேகனில் பின்பக்கத்தைத் தானாகவே பழைய உயரத்துக்குத் தூக்கும் ஹைட்ராலிக் சஸ்பென்ஷனை எல்லா வண்டிக்கும் கொடுத்தது இதனால்தான்.

நான் எண்ணியது ஒன்றே ஒன்று. மேட்டைத் தாண்டிய பிறகு பின்பக்கம் எத்தனை முறை ஆடுகிறது? ஒருமுறை ஆடி நின்றால் நல்லது. இரண்டாவது முறை ஆடும்போது வளைவு வந்துவிட்டால் ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

எஸ்4 சுமையோடும் நிதானமானது. மழைத்தூறலில் ஓட்டியும் பதறவில்லை. ஆனால் அதில் இன்ஜின் முன் ஆக்ஸிலுக்கும் முன்னால் தொங்குகிறது. கொண்டை ஊசி வளைவில் கொஞ்சம் அவசரப்பட்டால் மூக்கு வெளிப்பக்கமாகப் போகப் பார்க்கும், பின்னால் சுமை ஏறியதும் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பொறுத்திருந்து, வளைவு திறந்த பிறகு விசை கொடுத்தால் அழகாக இழுத்துப் போகும். நெடுந்தூரம் நேராகப் போகிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

சி43 பின்சக்கரத்துக்கே 69 விழுக்காடு விசையை அனுப்பும். காலியாக ஓட்டும்போது அந்தத் தள்ளல் போதை மாதிரி இருந்தது. சுமையோடும் பின்சக்கரம் நன்றாகப் பிடித்தது, வளைவிலிருந்து வெளியேறும் வேகத்தில் இதுதான் முதல். குண்டும் குழியுமான சாலையில்தான் மனைவி இரண்டுமுறை கைப்பிடியைப் பிடித்தாள். கண்ணாடியில் பார்த்தேன், ஒன்றும் சொல்லவில்லை.

வோல்வோவில் செலவிட்ட நாள் மறக்க முடியாதது. அதில் ஓலின்ஸ் நிறுவனத்தின் டேம்பர்கள், இறுக்கத்தை 22 படியாக மாற்றலாம். பட்டன் கிடையாது. பானெட்டைத் திறந்தால் இரண்டு ஓரத்திலும் டேம்பரின் தலையில் தங்க நிறத் திருகு. விரலால் திருகினால் டிக், டிக் என்று ஒவ்வொரு படியும் கையில் தெரிகிறது. நான் எண்ணி எண்ணி நான்கு படி இறுக்கினேன், ஓட்டினேன், நிறுத்தி இரண்டு தளர்த்தினேன். முன்பக்கத்துக்கு இவ்வளவு எளிது, பின்பக்கத்துக்கு வண்டியைத் தூக்க வேண்டும். கனமான பேட்டரி நடுவில், இரண்டு இருக்கைகளுக்கு இடையே தாழ்வாக ஓடுகிறது. அதனால் இரண்டு டன்னைத் தாண்டும் எடை வளைவில் அவ்வளவாகத் தெரியாது. இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போது தெரியும். மலைச்சாலை இல்லாத வழியாக இருந்திருந்தால் இதையே வாங்கியிருப்பேன். இன்றைக்கும் அந்தத் தங்கத் திருகின் டிக் சத்தம் காதில் இருக்கிறது.

எம்340ஐ காலியாக ஓட்டியபோது எனக்கு மூன்றாமிடம். குறை ஒன்றும் இல்லை, மனதைப் பிடுங்கிக்கொள்ளவும் இல்லை. எட்டுக் கேனும் ஏறிய பிறகு அதே வண்டி, ஒன்றுமே ஏறாததுபோலப் போனது. மேட்டுக்குப் பிறகு பின்பக்கம் ஒருமுறை அமுங்கி எழுந்தது, நின்றது. வளைவுக்குள் ஸ்டீயரிங்கை ஒருமுறை திருப்பி வைத்தேன், வெளியே வரும்வரை கையை அசைக்கவில்லை. மூன்றாவது கொண்டை ஊசியில் அதை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டுமென்றே பிரேக்கைத் தாமதமாக மிதித்தேன். முகம் கொஞ்சம் குனிந்தது, வால் ஆடவில்லை.

கீழே இறங்கி நிறுத்தினோம். மனைவியிடம் கேட்டேன்.

"இதுலதாங்க என் கழுத்து ஆடலை" என்றாள்.

நான் கட்டம் போட்ட தாளில் கழுத்துக்கென்று ஒரு வரிசை இல்லை. ஆனால் நான் ஸ்டீயரிங்கைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் பின்சீட்டில் ஒரு தலை ஆடத்தான் செய்யும். அவள் சொன்னதும் நான் கையில் உணர்ந்ததும் ஒன்றேதான்.

டிக்கி அளவில் எஸ்4-க்கு 505 லிட்டர், எம்340ஐ-க்கு 500. ஐந்து லிட்டர் ஒரு பொருட்டல்ல. பிஎம்டபிள்யூவில் பின்கண்ணாடியை மட்டும் தனியாகத் திறக்கலாம் என்பது பெரிய வசதி. நெருக்கமாக நிறுத்திய இடத்தில் கதவை முழுசாகத் தூக்காமலே ஒரு பையை உள்ளே போடலாம். தினமும் பயன்படுத்துகிறேன்.

வாங்குவதற்கு முன் வண்டியை மேலே தூக்கி, பின்பக்க டேம்பர்களில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா, நான்கு டயரும் ஒரே அளவு தேய்ந்திருக்கின்றனவா என்று மெக்கானிக்கை வைத்துப் பார்த்தோம். இடது பின்டயரின் உள்விளிம்பு மட்டும் கூடத் தேய்ந்திருந்தது. வீல் அலைன்மென்ட் சரிசெய்து, பின்டயர் இரண்டையும் மாற்றிக் கொடுத்தால்தான் எடுப்பேன் என்றேன். மாற்றிக் கொடுத்தார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு மழை இரவில் அந்த மலைச்சாலையில் போனோம். டிக்கி நிறைய மூட்டை, பின்சீட்டில் இரண்டு பேர். ஐந்தாவது வளைவில் கண்ணாடியில் பார்த்தேன். இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.