கழித்தல் குறியை விரலால் மறையுங்கள்

−√49 விகிதமுறு எண்ணா? மூலக்குறியைக் கண்டதுமே ‘இல்லை’ என்று எழுதிவிடுபவர்கள் நிறையப் பேர். அது வெறும் −7. இரண்டு முழுக்களின் பின்னமாக எழுத முடிந்தால் விகிதமுறு எண். பகுதி பூச்சியமாக இருக்கக்கூடாது, அவ்வளவே. −7 என்பது −7/1.

தொகுதி குறை எண்ணாக இருக்கத் தடையில்லை. அதனால் ஓர் எண் எந்த வகையோ, அதன் எதிர் எண்ணும் அதே வகைதான். முன்னால் நிற்கும் கழித்தல் குறியை விரலால் மறைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் பாருங்கள். மூலத்துக்குள் இருக்கும் குறியை மறைக்கக்கூடாது: √−49 மெய்யெண்ணே அல்ல. கனமூலத்தில் அந்தச் சிக்கல் இல்லை. −8-இன் கனமூலம் −2.

மூலத்துக்குள் பின்னமோ தசமமோ இருந்தால் முதலில் சுருக்குங்கள். −√(8/18)-இல் 8, 18 இரண்டுமே முழு வர்க்கம் இல்லை. சுருக்கினால் 4/9, விடை −2/3. சுருக்கிய பிறகு தொகுதி, பகுதி இரண்டும் முழு வர்க்கமாக இருந்தால்தான் விகிதமுறு. √0.09 என்பது 0.3. √0.9 அப்படியல்ல, 9/10-இல் 10 முழு வர்க்கம் இல்லை. அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான்.

தசமம் முடிந்துவிட்டாலோ, ஒரே இலக்கத் தொகுப்பு சுழன்று சுழன்று வந்தாலோ விகிதமுறு எண். ஆனால் இதைப் பார்க்கக் கால்குலேட்டரை நம்பாதீர்கள். 1/17-ஐப் போட்டால் 0.0588235294 என்று வரும், சுழற்சியே தெரியாது. 16 இலக்கங்கள் கழித்துத்தான் மறுபடி சுழலும். திரையில் அத்தனை இடமில்லை. மறுபக்கம், 0.1010010001... ஒழுங்காகத்தான் வளர்கிறது. ஆனால் ஒரே தொகுப்பு திரும்பத் திரும்ப வரவில்லை. எனவே விகிதமுறா எண், அதாவது முழுக்களின் பின்னமாக எழுத முடியாத எண்.

−2.363636...-ஐப் பின்னமாக்க 100-ஆல் பெருக்கினால் −236.3636... . அதிலிருந்து பழைய எண்ணைக் கழித்தால் −234. இது அந்த எண்ணின் 99 மடங்கு. ஆக −234/99, சுருக்கினால் −26/11. இதையே −2 + 0.3636... என்று பிரித்தால் கணக்கு கெட்டது. தசமப் பகுதிக்கும் கழித்தல் குறி உண்டு.

பை (π) 22/7 அல்ல. பை விகிதமுறா எண் என்று கணிதவியலாளர் லாம்பெர்ட் 1761-இல் நிறுவினார். 22/7 நெருக்கமான ஒரு பின்னம். பையிலிருந்து 22/7-ஐக் கழித்தால் ஏறத்தாழ −0.00126 வரும். இத்தனை சிறிய இந்தக் குறை எண்ணும் விகிதமுறா எண்தான்: விகிதமுறா எண்ணிலிருந்து விகிதமுறு எண்ணைக் கழித்தால் எப்போதும் விகிதமுறா எண்தான் வரும். ஆனால் இரண்டு விகிதமுறா எண்களைப் பெருக்கும்போது இந்த உறுதி கிடையாது: −√8 × √2 = −4.