காரைக்குடியில் எங்கே சாப்பிடலாம்? மெஸ், பணியாரக் கடை, பலகாரக் கடை

சென்னையில் ‘செட்டிநாடு’ என்று போர்டு மாட்டிய ஓட்டல்களில் ஊற்றுகிறார்களே ஒரு சிவப்பு எண்ணெய்க் குழம்பு, அதற்கும் செட்டிநாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஊர் திரும்பிய கையோடு எழுதுகிறேன், கோபம் இன்னும் அடங்கவில்லை. காரத்தை அள்ளிக் கொட்டினால் செட்டிநாடு என்று நம்பவைத்து எத்தனை வருஷமாக நம்மிடம் காசு பிடுங்கியிருக்கிறார்கள்! காரைக்குடித் தெருக்களில் நானும் மனைவியும் சாப்பிட்ட எதுவும் நாக்கைப் பொசுக்கவில்லை. சோம்பு, மிளகு, கல்பாசி, மராட்டி மொக்கு என்று ஒவ்வொன்றின் வாசனையும் தனியாகப் பிரிந்து தெரிந்தது.

பல்லவன் எக்ஸ்பிரஸில் போய் இரவு இறங்கினோம். பயணத்தில் சொல்ல ஒன்றுமில்லை. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் சுமாரான ரூம், நாள் வாடகை 1200. அதற்கு மேல் ரூமுக்குச் செலவழிக்க மனசில்லை. சாப்பாட்டுக்காகத்தானே போகிறோம்.

முதலில் வெள்ளைப் பணியாரம். இதைச் சொல்லாமல் வேறு எதுவும் சொல்ல முடியாது. செக்காலைப் பக்கம் ஒரு சந்தில், வீட்டு வாசலிலேயே அடுப்பு போட்டு ஒரு ஆச்சி சுடுகிறார். போர்டு கிடையாது. சாயங்காலம் நாலரைக்கு மேல்தான் அடுப்பு பற்றும், மாவு தீர்ந்தால் கடை முடிந்தது. கரண்டியில் மாவை எடுத்து எண்ணெயில் ஊற்றினால் அது தானாக உப்பி மேலே வருகிறது. ஓரம் முறுகல், நடுவில் பஞ்சு, நிறம் கடைசிவரை வெள்ளையாகவே நிற்கிறது. கூடவே வரமிளகாய், பூண்டு வைத்து அரைத்த சட்னி.

“மாவுக்கு அளவு என்ன ஆச்சி?” என்று மனைவி கேட்டாள். ஒளிக்காமல் சொன்னார். “ஒரு ஆழாக்கு பச்சரிசியத் தலைதட்டி எடுத்துக்கங்க. அதுக்கு மேல உளுந்தக் கோபுரமா வைங்க, எவ்வளவு நிக்குதோ அவ்வளவுதான் உளுந்து. சேர்த்தே ஊற வச்சு வெண்ணெயா அரைச்சுக்கங்க. கொஞ்சம் பால், ஒரு சிட்டிகை சர்க்கரை. அரைச்ச உடனே சுட்டுறணும், புளிச்சுச்சுன்னா எண்ணெய் குடிக்கும்.” ஒன்று 8 ரூபாய். இரண்டு பேரும் வயிறு முட்டத் தின்றும் நூறு ரூபாய் தாண்டவில்லை. சென்னையில் அந்தக் காசுக்கு ஒரு நெய் ரோஸ்ட் கிடைக்காது.

அதே சந்தில் காலையில் இடியாப்பமும் கோசமல்லியும் விற்கிறார்கள். கத்தரிக்காயை வேகவைத்து மசித்து, புளி கரைத்து ஊற்றிச் செய்கிற தளதளப்பான ஒரு கூட்டு அது. சாம்பாரே வேண்டாம் என்று சொல்ல வைத்துவிட்டது. இதை ஏன் எந்த ‘செட்டிநாடு’ ஓட்டலும் மெனுவில் போடுவதில்லை? கோழியும் காடையும் விற்றால்தான் லாபம், கத்தரிக்காயில் என்ன கிடைக்கும் என்ற கணக்குதான்.

மத்தியானத்துக்கு மெஸ். ஐந்து விளக்குப் பக்கமும் கல்லுக்கட்டிப் பக்கமும் நடந்தாலே போதும். கூட்டத்தைப் பார்த்து நுழையுங்கள், போர்டைப் பார்த்து நுழையாதீர்கள். லாரி டிரைவரும் பேங்க் ஊழியரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் அது நல்ல மெஸ். இலை போட்டதும் சாதம், கறிக்குழம்பு, மீன்குழம்பு, ரசம், மோர் எல்லாம் கேட்கக் கேட்க வரும். நாங்கள் போன இடத்தில் அந்தச் சாப்பாடு 110 ரூபாய்.

ஆனால் பர்ஸுக்கு ஆபத்து சாப்பாட்டில் இல்லை, தட்டில் இருக்கிறது. சாதம் வைத்த அடுத்த நிமிஷமே ஒருவர் பெரிய தட்டு நிறையச் சின்னச் சின்னக் கிண்ணங்களோடு வந்து மூக்குக்கு நேராக நீட்டுவார். மட்டன் சுக்கா, கோலா உருண்டை, காடை, இறால், நண்டு எல்லாம் அதில் இருக்கும். விலை எதிலும் எழுதியிருக்காது. வாசனையில் மயங்கி நாலைந்து எடுத்தால் பில் ஆயிரத்தைத் தொடும். “அண்ணே, இது என்ன விலை?” என்று ஒவ்வொன்றுக்கும் கேளுங்கள். கூச்சப்பட வேண்டியதில்லை, பக்கத்து இலைக்காரர்களும் கேட்டுத்தான் எடுத்தார்கள். எங்கள் மெஸ்ஸில் கோலா உருண்டை ஒன்று 20, உப்புக்கறி 180. இந்த இரண்டும் போதும்.

அந்த உப்புக்கறியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். பொடி மசாலா எதுவும் கிடையாது. ஆட்டுக்கறி, நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், உப்பு, அவ்வளவுதான். வரமிளகாயை விதை உதறிப் போடுகிறார்கள், அதனால் நிறமும் மணமும் வருகிறது, எரிச்சல் வருவதில்லை. கறி தன் தண்ணீரிலேயே வெந்து சுருண்டு வரும்வரை அடுப்பை விட்டு நகரமாட்டோம் என்று பரிமாறியவர் சொன்னார். ரசம் சாதத்துக்கு அதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். நான் சாப்பிட்ட ஆட்டுக்கறியிலேயே சிறந்தது இதுதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வெண்டைக்காய் மண்டி கிடைத்தால் விடாதீர்கள். அரிசி களைந்த கழனித் தண்ணீரில் புளி கரைத்து, மொச்சை போட்டுச் செய்வது. எல்லா நாளும் இருக்காது, கேட்டுப் பாருங்கள்.

இப்போது எங்களிடம் வம்பு பண்ணிய டாக்சி. பக்கத்து ஊர்களான ஆத்தங்குடி, கானாடுகாத்தான் இரண்டையும் சுற்றிக்காட்ட 1800 என்று பேசித்தான் ஏறினோம். ஆத்தங்குடியில் கண்ணாடிப் பலகையின் மேல் சிமெண்டும் வண்ணமும் ஊற்றிக் கையாலேயே டைல்ஸ் செய்வதைப் பார்த்தோம், அது அருமை. வெளியே வந்ததும் தொடங்கியது தொல்லை. “சார், சாப்பாடு நான் கூட்டிட்டுப் போறேன், ஒரிஜினல் செட்டிநாடு” என்றார் டிரைவர். வேண்டாம், மெஸ்ஸுக்குத் திரும்பலாம் என்று சொல்லியும் கேளாமல் ரோட்டோரம் ஒரு ஏசி ஓட்டல் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டார். மணி இரண்டரை, மனைவிக்குப் பசி, இறங்கினோம். அதே சிவப்புக் குழம்பு! எதைக் கடித்தாலும் மிளகாய்ப்பொடி. பில் 940. ஓட்டலுக்கும் டிரைவருக்கும் கமிஷன் ஏற்பாடு என்பது கல்லாவில் அவர்கள் பேசிக்கொண்டதிலேயே தெரிந்தது.

ரூமுக்குத் திரும்பியதும் 2600 கேட்டார். வெயிட்டிங் சார்ஜ், டிரைவர் பேட்டா, ஏசி போட்டது என்று வரிசையாக அடுக்கினார். யார் கேட்டது அந்த ஓட்டல் வாசலில் ஒரு மணி நேரம் நிற்க? அரைமணி நேரம் வாக்குவாதம். லாட்ஜ் மேனேஜர் வெளியே வந்து, “பேசினதுக்கு மேல எதுக்குண்ணே கேக்குறீங்க?” என்று சத்தம் போட்டபிறகுதான் 2000 வாங்கிக்கொண்டு போனார். அந்த 200 ரூபாய் 25 பணியாரம். போகிறவர்கள் பேட்டா, வெயிட்டிங் எல்லாம் சேர்த்து மொத்தத் தொகையை வாட்ஸப்பில் எழுதி வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

மறுபடி கானாடுகாத்தானுக்கு டவுன் பஸ்ஸில் போனோம். அகலமான தெரு, ஒரு தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக நீளும் வீடுகள், செட்டிநாட்டு அரண்மனை எல்லாம் நடந்தே பார்க்கலாம். மனைவிக்கு டிக்கெட் இல்லை, எனக்குச் சில்லறைக் காசு. டாக்சியே தேவையில்லை.

காரைக்குடியின் ‘பங்களா’வில் இலைச் சாப்பாடு புகழ்பெற்றது, முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். எங்கள் பட்ஜெட்டுக்கு அது கட்டுப்படியாகாது என்பதால் போகவில்லை. பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள், அமைதியாக உட்கார்ந்து சாப்பிட நினைப்பவர்கள் போகலாம்.

இனிப்பில் கவுனி அரிசி. பர்மாவுக்கு வியாபாரம் செய்யப் போன நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) வழியாக வந்து, கல்யாண விருந்துகளில் நிலைத்த கறுப்பரிசி. வேகவைத்து, சர்க்கரை, தேங்காய், நெய் சேர்த்துக் கிண்ணத்தில் வைக்கிறார்கள். மெல்ல மெல்லச் சுவை கூடுகிறது. அதே பர்மா வழி வந்த பெயர்தான் ரங்கூன் புட்டுக்கும், ஆனால் எங்களுக்குக் கிடைத்தது ஆறிப்போயிருந்தது. சுமார்தான்.

ஊருக்கு எடுத்துவரப் பலகாரக் கடைகளில் தேன்குழல், சீப்பு சீடை, மனகோலம், கைமுறுக்கு எல்லாம் கிலோக்கணக்கில் கிடைக்கும். தின்று பார்த்து வாங்குங்கள், தாராளமாகக் கையில் கொடுக்கிறார்கள். எண்ணெய் வாடை அடித்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். சீப்பு சீடையை மட்டும் டப்பாவில் போட்டு வாங்குங்கள், கவரில் போட்டால் வீடு வருவதற்குள் தூளாகிவிடும். திரும்பப் பல்லவனில் வருகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலமே வாங்கிவிட வேண்டும். ரயில் விடியற்காலையில் கிளம்பிவிடுகிறது, அந்த நேரத்தில் எந்தப் பலகாரக் கடையும் திறந்திருக்காது.