தூர் வாருமுன் ஒரு கேள்வி

தூர் வாருவது என்றாலே நல்ல காரியம் என்றுதான் நினைக்கிறோம். அடிமண்ணைச் சோதிக்கும் வேலையில் இருப்பதால் எனக்கு முதலில் எழும் கேள்வி வேறு: கீழே பாதரசம் இருக்கிறதா?

குழாயில் எடுத்த சேற்றை நீளவாக்கில் பிளந்தால், பெரும்பாலும் மேலே பழுப்பாக ஒரு மெல்லிய படலம். அதற்குக் கீழே கன்னங்கரேல், அழுகிய முட்டை வாடை. (கையுறை போட்டாலும் அந்த வாடை போகாது.) ஆக்சிஜன் எட்டாத அந்தக் கறுப்பில்தான் பாதரசம் கந்தகத்தோடும் மட்கிய கரிமப் பொருளோடும் ஒட்டிக் கிடக்கும். கிளறினால் ஆக்சிஜன் புகுந்து அந்தப் பிணைப்பு தளரும். துகள்களுக்கிடையே தேங்கியிருந்த நீரும் வெளியேறும். நுண்துகள்கள் நீரோட்டத்தோடு போய் வேறெங்கோ படியும். அங்குள்ள பாக்டீரியாக்கள் பாதரசத்தை, உயிர்களின் உடலில் எளிதில் சேரும் நச்சு வடிவமான மெத்தில் பாதரசமாக மாற்றினால், சிறு உயிரிகளில் தொடங்கிப் பெரிய மீன்வரை படிப்படியாகச் செறிவு ஏறும். அதனால் தண்ணீர் அறிக்கையை மட்டும் காட்டினால் எனக்குப் போதாது. மீனையும் சோதிக்க வேண்டும்.

ஆலைக் கழிவின் பாதரசம் படிந்த ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் 1977 முதல் 1990 வரை தூர் வாரும் வேலை நடந்தது. சேற்றில் ஒரு பகுதியை உறிஞ்சி எடுத்தார்கள். மீதியை இருந்த இடத்திலேயே மூடி, 58 ஹெக்டேர் நிலமாக்கினார்கள். அந்த நிதானம் எனக்குப் பிடிக்கும்.

"சுற்றிலும் திரை கட்டிவிட்டோமே" என்பார்கள் தூர் வாருபவர்கள். நீருக்குள் தொங்கும் அந்தத் திரை துகளை ஓரளவு தடுக்கும், கரைந்த பாதரசத்தைத் தடுக்காது.