பெரியண்ணன் லைசென்ஸ்

ஜூன் 11

மழை பிடித்துக்கொண்டதால் கேரளாவில் எங்கள் பூப்பாறை டாக்ஸி ஸ்டாண்டில் ஓட்டமே இல்லை. கதை பேசிக்கொண்டிருந்தபோது பெரியண்ணன் ஒரு ரிஜிஸ்டர் தபாலோடு வந்தார். மலையாளத்தில் இருந்ததால் என்னிடம் நீட்டினார். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வயதிலும் சர்வீசிலும் மூத்தவர் என்பதால் ஸ்டாண்டில் எல்லாருக்கும் அவர் பெரியண்ணன்தான்.

லைசென்ஸை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று விளக்கம் கேட்டு நோட்டீஸ். போன மாதம் மூணாறிலிருந்து தேனிக்கு அவர் கூட்டிப்போன ஒரு குடும்பம் புகார் கொடுத்திருக்கிறது. போடிமெட்டு மலைப்பாதை இறக்கத்தில் ஒரு கையில் போனைப் பிடித்துப் பேசிக்கொண்டே ஓட்டினார், பிரேக் கருகிய வாடை வந்தும் நிறுத்தவில்லை, பயந்துபோய்ப் பாதி வழியில் இறங்கிக்கொண்டோம் என்று. வீடியோவும் வைத்திருக்கிறார்கள்.

"பாதியில இறங்குனதுக்கு நான் காசே வாங்கல தம்பி. அதை எழுதியிருக்காங்களா பாரு" என்றார். எழுதவில்லை. அதுதான் அவருக்கு ரொம்ப மனத்தாங்கல்.

ஜூன் 12

ஓட்டுநர் சங்கத்தில் கூட்டம் போட்டோம். செயலாளர் என்பதால் கடிதம் எழுதும் வேலை என் தலையில். "நல்ல மனுசன், குடிக்க மாட்டாரு, யாரையும் ஏமாத்துனதில்ல, பொண்ணு கல்யாணக் கடன் இருக்கு, அதை எழுதுங்க" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எல்லாம் உண்மை. கொச்சிக்காரர் ஒருவர் சீட்டுக்கடியில் விட்டுப்போன நகைப் பையை அடிமாலி வரைக்கும் துரத்திக்கொண்டு போய்க் கொடுத்தவர் அவர்.

ஒருவன் வக்கீல் மாதிரி ஒரு பாயிண்டைப் பிடித்தான். போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டால் தமிழ்நாடு. அங்கே நடந்ததற்குக் கேரளா அதிகாரி எப்படிக் கேட்கலாம்? கேட்க நன்றாகத்தான் இருந்தது, நிற்காது. கேரளாவில் எடுத்த லைசென்ஸ் இந்தியா முழுக்கச் செல்லும். அதை வைத்துக்கொண்டு எந்த ரோட்டில் எப்படி ஓட்டினாலும் கேள்வி லைசென்ஸ்காரர் மேலேதானே வரும்?

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 19ஆம் பிரிவை ராத்திரி எடுத்துப் படித்தேன். வாடிக்கையாகக் குடிப்பவர், போதைப் பழக்கம் உள்ளவர், பொய் சொல்லி லைசென்ஸ் வாங்கியவர், வண்டியைக் குற்றத்துக்குப் பயன்படுத்தியவர் என்று வரிசையாக வருகிறது. அந்த வரிசையில் ஒன்று: இதுவரை ஓட்டிய விதத்தைப் பார்த்தால் இனியும் இவர் ஓட்டுவது பொதுமக்களுக்கு ஆபத்து என்று தெரிய வேண்டும். கடன், கல்யாணம் எதுவும் அந்தப் பிரிவில் இல்லை.

ஜூன் 14

கண்ணில் கோளாறாக இருக்குமோ என்று டீக்கடையில் ஒரு சந்தேகம் கிளம்பியது. மெடிக்கல் சர்டிபிகேட் பாரத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்று ஒரு கேள்வி உண்டு. சரி, பார்த்துவிடுவோம் என்று ஏலக்காய்க் கடை வாசலில் நின்ற ஜீப்பிலிருந்து டேப் பிடித்து அளந்தோம். தூறலில், கண்ணாடி போடாமல், கடகடவென்று படித்துவிட்டார். அது போதாதென்று அதற்குப் பின்னால் நின்ற லாரியின் நம்பரையும் படித்தார். பையன்கள் கைதட்டினார்கள்.

கண் பிரச்சினை இல்லை. கண்ணாகவே இருந்திருந்தால் ஒரு கண்ணாடியோடு முடிந்திருக்கும்.

ஜூன் 17

அக்கா மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். போனில் இதைச் சொன்னபோது அங்கே நடப்பதைச் சொன்னான். டாக்ஸி லைசென்ஸ் அங்கே உள்ளாட்சி மன்றத்தின் கையில். லண்டனுக்கு வெளியே பெரும்பாலும் 1976ஆம் வருடச் சட்டம். ஓட்டுநர் அந்த வேலைக்கு ஏற்ற, ஒழுங்கான ஆளா என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். பிறகு கோளாறு தெரிந்தால் நிறுத்தி வைக்கலாம், பறிக்கவும் செய்யலாம். முடிவெடுப்பவர்கள் தங்களையே கேட்டுக்கொள்ளும் ஒரு கேள்வி உண்டாம்: நமக்கு வேண்டிய ஒருவரை, ராத்திரியோ பகலோ, இந்த ஆள் வண்டியில் தனியாக அனுப்புவோமா?

என் மகள் போடியில் காலேஜ் படிக்கிறாள். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பெரியண்ணன் வண்டி என்றால் எனக்குக் கவலையே கிடையாது. ஆனால் மெட்டில் இறங்கும்போது? படுத்தும் தூக்கம் வரவில்லை.

ஜூன் 20

போடியில் ஒரு வேலை இருந்தது. வேண்டுமென்றே பெரியண்ணன் வண்டியில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தேன். நோட்டீஸ் வந்த பிறகு போனை டேஷ்போர்டுக்குள் போட்டு மூடிவிடுகிறார். அடித்தது, எடுக்கவில்லை. அந்த மட்டுக்கும் நல்லது.

செக்போஸ்ட் தாண்டியதும் கியரைத் தட்டி நியூட்ரலில் விட்டார். கை அது பாட்டுக்குப் போகிறது, யோசனையே இல்லை. பதினேழு கொண்டை ஊசி வளைவும் இடது காலுக்கு வேலையில்லாமல், வலது கால் பிரேக் மேலேயே. ஏறி வரும் வண்டிக்குத்தான் முதலில் வழி. அதற்கெல்லாம் ஒழுங்காக ஒதுங்கி நின்றார், ஹாரனும் அடித்தார். பாதி இறக்கத்தில் அந்த வாடை வந்தது, கருகின ரப்பர் மாதிரி. ஒரு வளைவில் பெடல் வழக்கத்தைவிட உள்ளே போனதை அவர் முட்டி இறங்கியதை வைத்தே பார்த்தேன். ரெண்டு தடவை பம்ப் பண்ணினார், பிடித்தது. பேச்சு நிற்கவே இல்லை, மருமகன் வாங்கிய நிலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார்.

மலை அடிவாரத்தில் முந்தலில் டீ குடிக்க நிறுத்தியபோது முன்சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனேன். தொட முடியவில்லை, அனல்.

"அண்ணே, செகண்ட்ல இறங்கலாம்ல?"

"டீசல் யாரு, உங்க அய்யாவா போடுவாரு?" என்று சிரித்தார்.

அவர் பழைய ஜீப்பில் தொழில் கற்றவர். இப்போது ஓட்டும் வண்டியில் கணக்கே தலைகீழ். கியரில் போட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்கு டீசல் போவதே நின்றுவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும், வேகத்தையும் அதுவே பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில்தான் இன்ஜின் ஐட்லிங்கில் ஓட டீசல் குடிக்கிறது, முழுப் பாரத்தையும் பிரேக் தாங்குகிறது. சூடு ஏறி பிரேக் ஆயில் கொதித்துவிட்டால் பெடல் சும்மா உள்ளே போகும். இதை டீ ஆறும்வரை சொன்னேன். "முப்பது வருசமா இறங்குறேன்" என்றார். அதற்கு மேல் என்ன சொல்ல.

ஜூன் 25

கடிதம் எழுதி முடித்தேன். நேர்மையைப் பற்றி எழுதினேன், நகைப் பையைப் பற்றி எழுதினேன். குடிப்பழக்கம் இல்லை என்றும் எழுதினேன். "பாதுகாப்பாக ஓட்டுபவர்" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார்கள். சேர்க்கவில்லை. பொருளாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜூன் 26

விசாரணை. சொல்ல வேண்டியதைக் கேட்காமல் லைசென்ஸில் கைவைக்க முடியாது என்பதால் கூப்பிட்டிருந்தார்கள். மொழிபெயர்க்க நான் போனேன், தேவைப்படவில்லை. அந்த அதிகாரி தமிழ் நன்றாகவே பேசினார். முதலில் போன் விஷயம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, கையில் போனைப் பிடித்து ஓட்டுவது அபாயகரமாக ஓட்டுவதிலேயே சேரும் என்றார். பெரியண்ணன் ஒத்துக்கொண்டு, இனி எடுக்க மாட்டேன் என்றார். அதோடு விட்டிருந்தால் எச்சரிக்கையோடு போயிருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

"பிரேக் வாடை வந்தப்ப எந்த கியர்ல இருந்தீங்க?"

பொய் சொல்லத் தெரியாத மனுசன். "நியூட்ரல் சார். எப்பவும் அப்படித்தான்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஏன் என்று கேட்டார். டீசல் கணக்கை விளக்கினார் பெரியண்ணன், ரொம்பப் பொறுமையாக, சின்னப் பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு வியர்த்துவிட்டது. புகார் கொடுத்தவர்கள் பயந்தது தப்பு என்று நினைக்கிறீர்களா என்று கேட்டதற்கு, "ஊருக்குப் புதுசு சார், பயப்படத்தான் செய்வாங்க" என்றார்.

வெளியே வந்ததும், நல்லா பேசினேனா என்று கேட்டார். உண்மையைப் பேசினீங்க என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 5

உத்தரவு வந்தது. மூன்று மாதம் லைசென்ஸ் கிடையாது. எடப்பால் ஓட்டுநர் பயிற்சி மையத்தில் வகுப்பு முடித்த சான்றிதழும் கொண்டுவர வேண்டும். ரத்து இல்லை. காரணத்தையும் எழுதியிருக்கிறார்கள்: போன் பேசியது ஒரு தடவை, இறக்கத்தில் நியூட்ரல் என்பது நிலையான பழக்கம், ஆபத்து என்று அவர் உணரவும் இல்லை.

மூன்று மாதம் சின்ன விஷயம் இல்லை. வண்டிக்குத் தவணை ஓடுகிறது, ஓணம் சீசன் போய்விடும். மதினி தோட்டத்துக்கு ஏலக்காய் பறிக்கப் போக ஆரம்பித்திருக்கிறார். வண்டியைத் தம்பி மகன் எடுத்து ஓட்டுகிறான், அவனும் நியூட்ரலில் இறங்குகிறானா என்று ஒரு நாள் பார்க்க வேண்டும்.

ஜூலை 8

உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் அப்பீல் போகலாம். போகத்தான் வேண்டும் என்று ஸ்டாண்டில் முடிவு செய்துவிட்டார்கள், வக்கீலுக்கு வசூல் நடக்கிறது. பெரியண்ணன் என்னோடு பேசுவதில்லை. டீ வந்தால் எனக்கும் ஒன்று சொல்கிறார், அவ்வளவுதான். அவர் வீட்டுச் செலவுக்கு என்று தனியாக ரெண்டாயிரம் மதினி கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அப்பீல் மனுவில் சங்கத்தின் சார்பாகக் கையெழுத்து கேட்டார்கள். தலைவரைப் போடச் சொல்லிவிட்டேன்.