எங்கள் வட்டாரத்துக்கு ஒரு பண்பலை

வட்டார மக்களே தங்களுக்காக நடத்தும் சிறிய பண்பலை நிலையமான சமுதாய வானொலியைத் தொடங்கும் ஆசையோடு எங்களைத் தேடி வருகிறவர்கள், ஒலிபரப்பி எங்கே கிடைக்கும், மைக் என்ன விலை என்றுதான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். எங்கள் அறக்கட்டளைக்கு உரிமம் வாங்க அலைந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கருவிகளைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் ஊரைக் கேளுங்கள்.

வான் அலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. சிறிய நிலையங்களுக்கு அதனால் உடனே கதவு திறந்துவிடவில்லை. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி வந்தது. 2004 பிப்ரவரியில் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘அண்ணா எஃப்.எம்.’ ஒலித்தது. எங்களைப் போன்ற தொண்டு அமைப்புகளுக்கு 2006இல்தான் வழி பிறந்தது. அதற்கும் பதிவு பெற்று 3 ஆண்டுகளாவது மக்கள் பணி செய்திருக்க வேண்டும்.

விண்ணப்பத்தைப் பரிசீலித்த குழு எங்களிடம் துருவித் துருவிக் கேட்டது ஒன்றைத்தான்: இந்த வட்டாரத்து மக்களுக்கு வானொலி எதற்கு? நல்லவேளை, வீடு வீடாகப் போய் எழுதிய நோட்டுகள் கையில் இருந்தன. நாங்கள் இருப்பது மதுரையை ஒட்டிய மல்லிகைக் காடுகள். விடிவதற்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்கப் போகும் பெண்கள், இடுப்பில் செருகிய செல்போனில் பாட்டுக் கேட்கிறார்கள். மாட்டுத்தாவணிப் பூச்சந்தையின் விலை எங்களுக்கும் தெரிய வேண்டும் என்று பலர் சொல்லியிருந்தார்கள். அந்தப் பக்கங்களை அப்படியே எடுத்து வைத்தோம்.

கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்த பிறகுதான் உண்மையான காத்திருப்பு. அலைவரிசை ஒதுக்கீட்டுக்கும், கோபுரம் நிற்கும் இடத்தால் விமானங்களுக்கோ மற்ற அலைவரிசைகளுக்கோ இடையூறு இல்லை என்று மத்திய அரசின் குழு தரும் ‘சாக்ஃபா’ அனுமதிக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை, கடல் மட்டத்திலிருந்து இடத்தின் உயரம், விமான நிலையத்திலிருந்து தூரம் என எல்லாவற்றையும் துல்லியமாகக் கேட்பார்கள். கோப்பு ஓர் அலுவலகத்தில் அசையாமல் கிடந்த மாதங்களில் நாங்கள் சும்மா இருக்கவில்லை. நடவுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி என்று தெருத்தெருவாகப் பதிவு செய்தோம். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூரிலேயே தயாரானதாக இருக்க வேண்டும் என்பது விதி; அந்தப் பதிவுகள்தான் பிறகு கைகொடுத்தன.

25,000 ரூபாய் வங்கி உத்தரவாதம் கொடுத்து மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தோடு ஒப்பந்தம் போட்டோம். கோபுரம் 30 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆன்டெனா வெளியிடும் வானொலி அலையின் திறன் 100 வாட் வரைதான். சோதனை ஒலிபரப்பு அன்று பொறியாளர், ஆன்டெனா வெளியே அனுப்பாமல் ஒலிபரப்பிக்கே திருப்பிவிடும் மின்திறன் எவ்வளவு என்று மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பிள்ளைகள் இருவர் பைக்கில் ரேடியோவோடு கிளம்பி, எந்த ஊர் வரை கேட்கிறது என்று போனில் சொல்லிக்கொண்டே போனார்கள். 10 கிலோமீட்டரை நெருங்கியதும் குரல் கரகரத்தது. எங்களுக்கு அது போதும்.

ஒன்று மட்டும் இன்னும் மனதை அறுக்கிறது. கிராம சபையில் நடந்ததைச் செய்தியாகச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. ஆகாசவாணி தரும் செய்தியை அப்படியே மறு ஒலிபரப்பு செய்யலாம், அவ்வளவுதான். ஊர்க்காரர்களின் சொந்த வானொலி ஊர்ச் செய்தியைச் சொல்லக் கூடாது என்பது எந்த வகையில் நியாயம்?

ஒலிபரப்பு தொடங்கிய பிறகு முதலில் வந்த புகார், பூ விலையைத் தாமதமாகச் சொல்கிறோம் என்பதுதான். பறிக்கும் பெண்களிடமே நேரத்தைக் கேட்டு, காலை நிகழ்ச்சி நிரலை அவர்கள் சொன்னபடி மாற்றி எழுதினோம்.